கமலேஸ்வரி அனுப்ப மறுத்த படிவம்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தர்மபுரம் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் தங்கராசா ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த பெரியோர்களே, முன்வரிசையில் மகளின் படத்தைப் பார்த்தபடி இருக்கும் சங்கிலி ஐயா அவர்களே, கமலேஸ்வரியின் கணவர் சிவநேசன் அவர்களே, அறுவடை நேரத்தில் வயலை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊர் மக்களே, கிளிநொச்சியில் இருந்து ஒரே பஸ்ஸில் வந்திறங்கிய என் அலுவலகத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பிரதீபன். திருமதி கமலேஸ்வரி சிவநேசன் அவர்கள் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த கப்பல் ஆவண அலுவலகத்தின் முகாமையாளர் நான். பத்திரிகை அறிவித்தலில் அவரை ‘பிரதீபனின் கீழ் பணியாற்றியவர்’ என்று போட்டிருந்தார்கள். அதை முதலில் திருத்திவிடுகிறேன். பதவிப்படி அது சரி. உண்மைப்படி அது சரியில்லை. ஏன் சரியில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கமலேஸ்வரி என்ன வேலை செய்தார் என்பது இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? “கமலேஸ் கப்பலிலை வேலை” என்று ஒருவர் சொல்ல, அடுத்த வீட்டு அக்கா ஒருவர் தன் மகனுக்கும் கப்பலில் ஒரு இடம் எடுத்துத் தரும்படி பாஸ்போட்டின் பிரதியோடு அவரிடம் வந்தாராம். “அக்கா, நான் கப்பலைப் படத்திலைதான் கண்டனான்” என்று கமலேஸ்வரி சொல்லியிருக்கிறார். அந்த அக்கா நம்பவில்லை. ஒளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒளிக்கவில்லை, அக்கா. அவர் சொன்னது முழு உண்மை.

பனாமா என்ற நாட்டில் ஒரு கால்வாய் இருக்கிறது. ஒரு பெருங்கடலில் இருந்து மற்றப் பெருங்கடலுக்குக் கப்பல்கள் அதன் வழியாகத்தான் குறுக்கே போகின்றன. அந்தக் கால்வாய்க்குள் நுழைய விரும்பும் எந்தக் கப்பலும், வந்து சேருவதற்குத் தொண்ணூற்றாறு மணித்தியாலங்களுக்கு முன், அதாவது நான்கு முழு நாட்களுக்கு முன், தன்னைப் பற்றிய விபரங்களை அனுப்பிவிட வேண்டும். கப்பலின் நீளம், அகலம். தண்ணீருக்குள் எத்தனை அடி அமிழ்ந்திருக்கிறது. கடைசியாக எந்தெந்தத் துறைமுகங்களுக்குப் போனது. கப்பலில் இருக்கும் ஒவ்வொரு மனிதரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம். என்ன சரக்கு. அதில் தீப்பற்றக்கூடியது, வெடிக்கக்கூடியது, நஞ்சானது ஏதும் உண்டா, உண்டென்றால் கப்பலின் எந்த மூலையில். பிழையாகக் கொடுத்தால் தண்டம். பிந்திக் கொடுத்தால் கப்பல் வெளியே காத்துக் கிடக்க வேண்டும். இந்தப் படிவங்களை நிரப்ப உலகத்தில் பல இடங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் முப்பத்துநாலு பேர் கிளிநொச்சியில், ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் இருக்கிறார்கள். அந்த முப்பத்துநாலு பேருக்கும் முதலாவது ஆளாக இருந்தவர் கமலேஸ்வரி.

அவர் முதலாவது ஆளாக வரவில்லை. கடைசி ஆளாகத்தான் வந்தார். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஐந்து கோப்பு முடிக்க, அவர் இரண்டு முடித்தார். மூன்றாவது கிழமை நான் அவரைக் கூப்பிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், வேலையால் நிறுத்தத்தான் கூப்பிட்டேன்.

“ஆக்களின்ரை பெயர்ப் பட்டியலுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கிறியள். பார்த்து அடிக்கிறதுதானே, இதிலை என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் நின்றபடியே பதில் சொன்னார். “சேர், சண்டை முடிஞ்ச நேரம் நாங்கள் செட்டிகுளம் முகாமிலை இருக்கேக்கை அம்மாவை அம்புலன்ஸிலை ஏத்திக்கொண்டு போனவை. எந்த ஆஸ்பத்திரி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மான்ரை பெயர் இராசமலர். ஆங்கிலத்திலை ‘ஐ’ எழுத்திலை தொடங்கி எழுதவேணும். ஆரோ அதை விட்டிட்டு ‘ஆர்’ எழுத்திலை தொடங்கி எழுதிப்போட்டினம். நாங்கள் ஒவ்வொரு நாளும் பட்டியலிலை ‘ஐ’ எழுத்துக்குக் கீழை தேடினனாங்கள். அவா ‘ஆர்’ எழுத்துக்குக் கீழை இருந்தவா. இருபத்திமூண்டு நாள், சேர்.”

பிறகு சொன்னார்: “அம்மா கிடைச்சிட்டா. கிடைக்காத ஆக்களும் இருந்தவை. அதாலை பெயர் எண்டால் நான் மூண்டு தரம் பார்ப்பன். அது பிழையெண்டால் நான் போறன்.”

நான் அவரைப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருந்தால் இன்று இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருந்திருக்காது.

அன்றிலிருந்து தன் முறையிலேயே வேலை செய்தார். வேகம் கூடியது, ஆனால் மூன்று தரம் பார்ப்பது குறையவில்லை. ஏதோ ஒரு நாட்டு மாலுமி. பெயரில் ஓர் எழுத்துக் கடவுச்சீட்டில் ஒன்றாகவும் பட்டியலில் வேறாகவும் இருக்கும். நாங்கள் விட்டுவிடுவோம். கமலேஸ்வரி கப்பலுக்கு எழுதுவார். அலுவலகத்தில் சிலர் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எழுதுவார்.

2023 ஆம் ஆண்டு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு பனாமாவில் மழை போதவில்லை. அந்தக் கால்வாய் கடல்நீரில் ஓடுவதில்லை. நடுவில் பெரிய நன்னீர் ஏரி ஒன்று இருக்கிறது. அந்த ஏரித் தண்ணீரை மதகுகளுக்குள் விட்டுத்தான் கப்பல்களைப் படிப்படியாக ஏற்றி இறக்குகிறார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிறது. மழை இல்லையென்றால் ஏரி இறங்கும். ஏரி இறங்கினால் கப்பல் அமிழக்கூடிய அளவையும் ஒரு நாளைக்கு விடும் கப்பல்களின் தொகையையும் குறைப்பார்கள். அந்த அறிவித்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது எங்கள் பட்டதாரிகள் தலையைச் சொறிந்தார்கள். ஏன் மாற்றுகிறார்கள், ஏன் திரும்பத் திரும்ப மாற்றுகிறார்கள்?

கமலேஸ்வரிக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. “கல்மடுக்குளத்திலை தண்ணி குறைஞ்சால் என்ன செய்வினம்? முறை வைச்சுத் திறப்பினம். வாய்க்காலின்ரை கடைசியிலை இருக்கிற எங்களுக்குக் கடைசியாத்தான் வரும். இதுவும் அதுதானே” என்றார். பிறகு ஒவ்வொரு காலையும் வந்ததும் முதல் வேலையாக அந்த ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து எங்கள் வெள்ளைப் பலகையில் எழுதத் தொடங்கினார். அதை எழுதும்படி யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் ஒரு சரக்குக் கப்பலின் படிவத்தில் ஆழம் நாற்பத்துமூன்றரை அடி என்று வந்தது. அனுமதி நாற்பத்துநாலு அடி. அரை அடி மிச்சம் இருக்கிறது, அனுப்பலாம் என்றோம் நாங்கள். “இது உப்புத்தண்ணியிலை எடுத்த அளவு. நல்ல தண்ணிக்குள்ளை வந்தால் கப்பல் இன்னும் ஒரு அடி தாழும்” என்றார் அவர். கப்பலுக்கு எழுதிக் கேட்டோம். அவர் சொன்னதே சரி. அந்தக் கப்பல் வழியிலேயே தன் அடித்தொட்டிகளில் இருந்த நீரை வெளியேற்றி உயர்ந்து வந்தது. தர்மபுரத்தில் வாய்க்காலின் கடைசியில் வளர்ந்த பெண் ஒருவர், தான் காணாத கப்பலொன்றைத் தரைதட்டாமல் காப்பாற்றினார் என்று நான் சொன்னால் அது மிகையா? மிகை என்று நினைப்பவர்கள் அடுத்ததைக் கேளுங்கள்.

அடுத்தது, எனக்குச் சொல்லக் கடினமான கதை. ஏனென்றால் இதில் பிழை செய்தவன் நான்.

2024 ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை. ஆசியத் துறைமுகம் ஒன்றில் ஏற்றிய கொள்கலன்களோடு ஒரு கப்பல் பனாமாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயரை ‘ஓரியன்’ என்று வைத்துக்கொள்வோம். படிவத்துக்கான கடைசி நேரம் எங்கள் நேரப்படி பிற்பகல் இரண்டு மணி. எல்லாம் நிரப்பியாகிவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு வரி: ஆபத்தான சரக்கு உண்டா? கப்பல் கம்பனி தந்த பதில்: இல்லை.

ஒன்பதரை மணிக்குக் கமலேஸ்வரி என் அறைக்கு வந்தார். சரக்குப் பட்டியலைக் கையில் வைத்திருந்தார். அதில் ஒரு வரியைக் காட்டினார். இரண்டு கொள்கலன்களில் ‘தேங்காய்ச் சிரட்டைக் கட்டிகள்’ என்று எழுதியிருந்தது.

“சேர், சிரட்டையைக் கட்டி கட்டியா செய்யிறதெண்டால் அது கரிதான். கரித்தூளை அமத்திச் செய்யிறது. வெளிநாட்டிலை ஹூக்கா பத்தவைக்கிற கரி.”

“கரியெண்டு எழுதேல்லையே.”

“அதுதான் சேர் பயமா இருக்கு. கரியெண்டால் கரியெண்டு எழுதியிருப்பினம்.”

நான் சொன்னேன்: “கமலேஸ், நாங்கள் சரக்கைச் சோதிக்கிற ஆக்கள் இல்லை. கம்பனி தாறதைப் போடுறதுதான் எங்கடை வேலை. ‘இல்லை’ எண்டு போட்டு அனுப்புங்கோ.”

அவர் போகவில்லை. தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். சங்கிலி ஐயா, இதைச் சபையில் சொல்ல நீங்கள் அனுமதி தந்தீர்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த காலத்தில் ஐயா நெடுங்கேணிப் பக்கம் காட்டோரத்தில் கரி சுட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தார். ஒருமுறை சூளையைப் பிரித்து, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, சாக்கில் கட்டி லொறியில் ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாம் நாள், ஓடிக்கொண்டிருந்த லொறியில் மூட்டைகளின் நடுவில் இருந்து நெருப்பு வந்தது. மூட்டைகளை இழுத்து எறியப்போன ஐயாவின் வலதுகை முழங்கைவரை வெந்துபோனது.

“கரி ஆறினமாதிரி இருக்கும், சேர். உள்ளுக்கை ஆறாது. காத்துப் போகாமல் அடைச்சு வைச்சால் தானாச் சூடேறும். இந்தப் பெட்டி ரெண்டும் கப்பலின்ரை மேல்தட்டிலை, ஆக்கள் படுக்கிற இடத்துக்கு மூண்டு வரிசை முன்னாலை இருக்கு. நான் பார்த்தனான்.”

நான் கம்பனியின் ஆளுக்கு அழைப்பு எடுத்தேன். அவர் கோபப்பட்டார். கால்வாய்க்குள் நுழைய அந்தக் கப்பலுக்கு ஒதுக்கிய நாள் ஒன்று இருக்கிறது, இப்போது போய் ஆபத்தான சரக்கு உண்டு என்று எழுதினால் அந்த நாள் போய்விடும், அப்படி நடந்தால் உங்கள் அலுவலகத்துக்கு இனி எங்கள் கப்பல் ஒன்றும் வராது என்றார். எங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கம்பனியின் கப்பல்கள்.

நான் வெளியே வந்து, எல்லோரும் பார்த்திருக்க, குரலை உயர்த்திச் சொன்னேன்: “அனுப்புங்கோ எண்டு சொன்னால் அனுப்புங்கோ. உங்களுக்காக இங்கை இருக்கிற ஆக்களின்ரை வயித்திலை அடிக்கேலாது.”

கமலேஸ்வரி கதிரையில் இருந்து எழும்பவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “படிவம் நிரப்பினது ஆரெண்டு கீழை என்ரை பெயர் போகுது, சேர். ‘இல்லை’ எண்டு என்ரை பெயரிலை போகாது. நீங்கள் உங்கடை பெயரைப் போட்டு அனுப்புங்கோ. நான் தடுக்கமாட்டன். ஆனா கப்டனுக்கு எழுதிப்போட்டன்.”

என் பெயரைப் போட்டு அனுப்பும்படி சொன்னார். நான் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். என் பெயரை அடித்தேன். அனுப்பவில்லை. அது என் நேர்மையால் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தால்தான். அவர் அவ்வளவு அமைதியாக மறுத்ததைக் கண்ட பயத்தால்.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கப்டனின் பதில் வந்தது. அவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், பெயர் றெயெஸ். மூன்றே மூன்று வரிகள். நீங்கள் சொன்ன இரண்டு பெட்டிகளையும் வெளியில் இருந்து வெப்பமானியால் அளந்தோம். ஒன்று சாதாரணம். மற்றதன் சுவர், வெயில் படாத பக்கத்தில், அறுபத்தொரு பாகை செல்சியஸ்.

சபையோரே, நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. ஓடி ஒதுங்க முற்றம் இல்லை. அந்தக் கப்பலில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையில் நின்றது எது? ஒரு கடலின் அந்தப் பக்கம், இரும்புக்கடைக்கு மேலே, ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை எழுத மறுத்த ஒரு பெண்.

கப்பலார் அந்தப் பெட்டியின்மேல் தண்ணீர் பாய்ச்சிக் குளிரவைத்தபடியே வந்தார்கள். ஒன்றரை மணிக்குக் கமலேஸ்வரி படிவத்தைத் திருத்தி, இரண்டு பெட்டிகளையும் அவை இருந்த இடத்தோடு குறித்து, தன் பெயரில் அனுப்பினார். கப்பல் கால்வாய்க்கு வெளியே நங்கூரமிட்டது. பெட்டிகளை இறக்கிய பிறகு ஒன்பது நாள் பிந்திக் கடந்து போனது. இறக்கிய ஒன்றில், நடுவில் இருந்த சாக்குகள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தன என்று பிறகு அறிந்தோம்.

இதோடு கதை நல்லபடி முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசை. முடியவில்லை. அந்தக் கம்பனி சொன்னதைச் செய்தது. அடுத்த மாதம் அவர்களின் கப்பல் ஒன்றும் எங்களிடம் வரவில்லை. நான்கு பேரை வேலையால் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் நிசாந்தினி. உடையார்கட்டில் இருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தவர். போகும்போது அவர் கமலேஸ்வரியின் மேசையைக் கடந்துதான் போனார். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் அதையும் அவர் தாங்கினார். ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் அவரோடு இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. அவர் வந்தால் கதை நின்றுவிடும். அவர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் இருந்து சாப்பிடுவார். நானும் பார்த்தேன். நானும் போய்ப் பக்கத்தில் இருக்கவில்லை. இருபத்திரண்டு உயிரைக் காத்த ஒருவரை நாங்கள் படியில் இருத்தினோம். இதை இன்று அவரின் தகப்பனாருக்கும் கணவருக்கும் முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் முறைப்பாடு செய்யவில்லை. வீட்டில் சொன்னாரா என்று சிவநேசனிடம் போன கிழமைதான் கேட்டேன். “சொன்னவா. வேலையை விட்டிட்டு நில்லன் எண்டனான். ‘அவையளுக்கு வேலை போனது உண்மைதானே, கோவம் வரத்தானே செய்யும்’ எண்டிட்டு அடுத்த நாளும் வேலைக்குப் போட்டா” என்றார்.

இரண்டு மாதம் கழித்துக் கப்டன் றெயெஸிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. தபாலில் வந்த உண்மையான கடிதம். நன்றி சொல்லி, கப்பலில் இருந்த எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். நான் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிலர் கண் கலங்கினார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார். கமலேஸ்வரி கடிதத்தை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். பத்து நிமிடத்தால் திரும்பி வந்தார்.

“சேர், இதிலை இருபத்தொரு கையெழுத்துத்தான் இருக்கு. பட்டியலோடை பார்த்தனான். சமையல்காரரின்ரை இல்லை. அந்தாளுக்கு ஏதும் நடந்திட்டுதோ?”

கப்டனுக்கு எழுதிக் கேட்டார். சமையல்காரர் குடல்வால் சத்திரசிகிச்சைக்காகத் துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார், நலமாக இருக்கிறார் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாசித்த பிறகுதான் கமலேஸ்வரியின் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டேன். அன்று மத்தியானம் மாடிப்படியில் அவருக்கு இருக்க இடம் இருக்கவில்லை. எல்லோரும் அங்கே போய் இருந்துவிட்டார்கள்.

அந்தக் கம்பனி திரும்பி வரவில்லை. ஆனால் கப்டன்மார் கதைப்பார்கள். ஒரு கப்பலில் இருந்து இன்னொரு கப்பலுக்குக் கதை போகும். ஐந்து மாதத்தில் வேறொரு கம்பனி எங்களைத் தேடி வந்தது. நிறுத்திய நான்கு பேரையும் திரும்ப எடுத்தோம். நிசாந்தினியை வரச் சொன்னது நான் இல்லை. கமலேஸ்வரி. உடையார்கட்டுக்கு நேரில் போய், வீட்டுப் படலையில் நின்று கேட்டிருக்கிறார். “உம்மடை வேலை என்னாலை போனது. வேலை வந்திருக்கு. வாரும்” என்றிருக்கிறார். நிசாந்தினி வந்தார்.

எவ்வளவு காலம் இந்த அமைதி நிலைத்தது? ஓர் ஆண்டுகூட இல்லை.

அவரின் சிறுநீரகங்கள் பழுதுபட்டிருப்பது கடந்த ஆண்டு தெரியவந்தது. இந்தப் பகுதியில் எத்தனை வீடுகளுக்கு அந்த நோய் வந்திருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழமைக்கு இரண்டு நாள் வவுனியாவில் இரத்தச் சுத்திகரிப்பு. சிவநேசன் பஸ் ஓட்டும் வேலையில் முறை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கூடப் போனார். மற்ற மூன்று நாளும் கமலேஸ்வரி வேலைக்கு வந்தார். வீட்டில் ஓய்வெடுங்கள் என்றேன். “வீட்டிலை இருந்தால் வருத்தத்தைத்தான் யோசிப்பன். இங்கை கப்பலை யோசிக்கலாம்” என்றார். கை வீங்கியிருக்கும். மெதுவாக அடிப்பார். ஆனால் பெயர்களை மூன்று தரம்தான் பார்ப்பார்.

சங்கிலி ஐயா தன் சிறுநீரகம் ஒன்றைத் தரக் கேட்டார். எழுபத்தொரு வயது என்று வைத்தியர்கள் மறுத்தார்கள். அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் ஐயா என்னிடம் சொன்ன வார்த்தை என் காதில் இருக்கிறது. “எனக்கு வயசாச்சுன்னு சொல்றாங்க தம்பி. நான் அதை வச்சுகிட்டு என்ன பண்ணப் போறேன்? புள்ளைக்குக் குடுங்கன்னா கேக்க மாட்டேங்கிறாங்க.” கமலேஸ்வரி கட்டிலில் இருந்து அதைக் கேட்டுவிட்டு, “அப்பா, வைத்தியர் படிவத்தைச் சரியாத்தான் பார்க்கிறார், விடுங்கோ” என்று சொல்லிச் சிரித்தார்.

இறப்பதற்கு ஆறு நாட்களுக்கு முன் அவரைப் பார்க்கப் போனேன். பின்னேரம். ஜன்னலோரக் கட்டில். என்ன வேண்டும் என்று கேட்டேன். பிள்ளை இல்லாத வீடு, தனக்குப் பிறகு கணவருக்கோ தகப்பனாருக்கோ ஏதும் உதவி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அண்டைக்கு நீங்கள் என்னை அனுப்பச் சொன்னியள். நான் அனுப்பேல்லை. அது எனக்குத் துணிவு இருந்ததாலை இல்லை, சேர். நான் சிரேஷ்ட ஆள், என்னை நிறுத்த நீங்கள் யோசிப்பியள் எண்டு தெரியும். ஒரு மாதத்துக்கு முதல் வந்த பிள்ளையெண்டால் என்ன செய்திருக்கும்? அனுப்பியிருக்கும். எனக்குப் பிறகு என்ரை கதிரையிலை ஆரும் இருக்கட்டும். ஆனா படிவத்தை நிரப்புற ஆள் ‘நிப்பாட்டுங்கோ’ எண்டால் நிக்கவேணும். நீங்கள் சொன்னாலும் போகக்கூடாது. கம்பனி சொன்னாலும் போகக்கூடாது. அதை எழுதி வையுங்கோ. வாயாலை சொன்னால் மறந்திடுவியள்.”

நான் எழுதினேன். அவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தே எழுதினேன். அவர் வாங்கி வாசித்தார். ஓர் இடத்தில் ‘தகுந்த காரணம் இருந்தால்’ என்று நான் சேர்த்திருந்தேன். அதை வெட்டச் சொன்னார். “காரணம் பிறகு தேடலாம். முதல் நிக்கட்டும்” என்றார். வெட்டினேன். மூன்று தரம் வாசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “ஓம், இது காணும்” என்றார்.

நாற்பத்தொரு வயதில், இம்மாதம் நான்காம் திகதி, அவர் எங்களை விட்டுப் போனார்.

அவரின் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது அலுவலகத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், வேகமானவர்கள் இருக்கிறார்கள். நான் நிசாந்தினியிடம் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். “அவா இருந்த இடத்திலை நான் எப்பிடி, சேர்? வேலையாலை போகேக்கை நான் அவாவைத் திரும்பியும் பார்க்காமல் போனனான்.” நான் சொன்னேன், “நானும் அவாவைப் படியிலை தனிய விட்டனான். அதாலைதான் உங்களிட்டைக் கேட்கிறன்.”

பெரியோர்களே, நண்பர்களே, இப்படியான கூட்டங்களில் இறந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். நான் அந்த உறுதியைச் சொல்வதற்குப் பதிலாக, போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லி என் உரையை முடிக்கிறேன்.

எண்ணெய்க் கப்பல் ஒன்றின் படிவம். கடைசி நேரத்துக்கு நான்கு மணித்தியாலம் இருந்தது. நிசாந்தினி எழும்பி நின்று, “சேர், நான் இதை நிப்பாட்டுறன்” என்றார். கப்பல் கடைசியாகப் போன துறைமுகங்களின் திகதிகளில் ஒன்று மற்றதோடு பொருந்தவில்லை என்றார். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கம்பனியில் இருந்து இரண்டு தரம் அழைப்பு வந்தது. அனுப்புங்கோ என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது.

நான் அதைச் சொல்லவில்லை. என் கதிரையில் இருந்து காத்திருந்தேன். முப்பத்திமூன்று பேரும் காத்திருந்தோம்.

மூன்று மணித்தியாலம் கழித்துக் கப்பலில் இருந்து பதில் வந்தது. திகதிகள் எல்லாம் சரி. கப்பல் சர்வதேசத் திகதிக் கோட்டைக் கடந்ததால் ஒரு நாள் மாறித் தெரிந்தது, அவ்வளவுதான். நிசாந்தினி நிறுத்தியதற்குத் தேவையே இருக்கவில்லை. அவர் முகம் சிவந்து, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர், நான்தான் பிழையா விளங்கிப்போட்டன்” என்றார்.

நான் அவரிடம் சொன்னதைத்தான் இன்று கமலேஸ்வரியின் படத்துக்கு முன்னால், அவரைப் பெற்றவருக்கும் அவரோடு வாழ்ந்தவருக்கும் முன்னால், எங்கள் அலுவலகத்தின் உறுதியாக வைக்கிறேன்.

“மன்னிப்புக் கேட்கவேண்டாம். அடுத்தமுறை சந்தேகம் வந்தாலும் நிப்பாட்டுங்கோ.”

கமலேஸ்வரி அவர்களே, போய் வாருங்கள். சபையோருக்கு நன்றி.